பழைய மணிக்கூடு: புதுக்குவதா, பிரித்து விற்பதா?

வீட்டிலுள்ள பொருளொன்று பழுதுற்றால் அதனைத் திருத்துவதா, விற்றுவிடுவதா என்னும் வினா எழுவது இயல்பே. தையற் பொறி, நீரிறைக்கும் பொறி, துவிச்சக்கர வண்டி முதலியவற்றைப் பொறுத்தவரையில் விடை காண்டல் அரிதன்று. திருத்தினால் இன்னுஞ் சில ஆண்டு உழைக்குமாயின் திருத்துவோம். உழையாதாயின் பழைய இரும்பு வாங்குவோனிடம் நிறுத்துக் கொடுப்போம். கைமணிக்கூட்டின் நிலை வேறு. நேரம் அறிதற்கு அஃது இக்காலத்தில் இன்றியமையாத கருவியன்று. சட்டைப்பையிலுள்ள தொலைபேசியே அதனினும் திருத்தமாக நேரங் காட்டும். தன் தொழிலை இழந்த பின்னரும் ஒரு கருவி அலுமாரியில் இடம்பெற்றிருக்குமாயின், அஃது எதன்பொருட்டு அங்கே இருக்கின்றது என்பதைத் தெளிந்த பின்னரே அதனை என் செய்வது என்று முடிவு செய்தல் கூடும். அத்தெளிவின்றித் திருத்தப் புகுந்து, காக்க நினைத்ததையே அழித்தவர் பலர். அத்தெளிவின்றி விற்றுப் பின்னர் வருந்தினோரும் உளர். ஆதலின் இதனைச் சிறிது விரித்து ஆராய்தல் தகும்.

தமிழகத்தார் கடிகாரம் என வழங்குவதை நாம் மணிக்கூடு என்கின்றோம். கடிகாரம் என்பது கடிகை என்னுஞ் சொல்லோடு தொடர்புடையது. கடிகை என்பது நாழிகை, அஃதாவது 24 நிமிடம். நம் முன்னோர் நாழிகையை நீர் கொண்டு அளந்தனர். துளையுடைய வட்டிலொன்றே அவர்தங் கருவி. துளை தேய்ந்து பெருத்துவிடின் வட்டிலை உருக்கி வேறு வார்க்கலாம். பிரித்து விற்பதற்கு அதில் யாதுமில்லை. நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புக்கள் ஒன்றனையொன்று பற்றி இயங்கும் சுருள்வில் மணிக்கூடு வந்த பின்னரே, முழுமையாக வைத்திருப்பதா, உறுப்புறுப்பாக விற்பதா என்ற இரட்டை வழி தோன்றியது.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்வினாவுக்குத் தனியொரு வரலாறு உண்டு. 1969ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் நாள் யப்பானிய நிறுவனமாகிய சீக்கோ, படிகத்தின் அதிர்வால் இயங்கும் முதற் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. அதன்பின் சில ஆண்டுகளில் உலகெங்கும் சாவி கொடுக்கும் மணிக்கூடுகள் மதிப்பிழந்தன. 1970இல் ஏறக்குறைய 90,000 பேருக்குத் தொழில் கொடுத்த சுவிற்சர்லாந்தின் மணிக்கூட்டுத் தொழிற்றுறை, 1980களின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 30,000 பேரளவில் சுருங்கிற்று. பிற நாட்டார் தம் பழைய மணிக்கூடுகளை இழுப்பறையில் இட்டு மறந்த அந்த ஆண்டுகளில், இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது; உள்ளதைத் திருத்திக் கட்டுவதே வழியாயிற்று. பின்னர் பொருளாதாரந் திறந்துவிடப்பட, மத்திய கிழக்கிற்கு வேலைக்குச் சென்றோர் சீக்கோவும் சிற்றிசனுங் கொண்டுவந்தனர். ஆயினும் 1990களில் நிலை மீண்டும் மாறிற்று. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வன்னிக்குக் கொண்டுவரக் கூடாதெனத் தடுக்கப்பட்ட பொருள்களில் பற்றரியும் ஒன்று. துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றபோது, பாட்டனார் காலத்துச் சாவி மணிக்கூடு மீண்டுங் கைக்கு ஏறியது. உலகம் கைவிட்ட பொருள் ஈண்டு இருபது ஆண்டு பிந்தியும் உழைத்தது.

மற்றொன்றுங் கூறுதல் வேண்டும். 1996 மே மாதத்தில் அரசு நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னகர்த்திற்று. அவ்வாண்டு ஒக்ரோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த வன்னிப் பகுதி இம்மாற்றங்களை ஏற்கவில்லை. பழைய நேரமே வழங்கிற்று. 2006 ஏப்பிரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை இவ்வேறுபாடு நீடித்தது. 2002இல் கண்டி வீதி திறக்கப்பட்ட பின்னர், ஓமந்தைச் சாவடியைக் கடப்போர் கைமணிக்கூட்டை அரை மணி திருப்பிக்கொள்ளுதல் வழக்கம். என் தந்தையார் திருப்பியதில்லை. வவுனியாவில் அலுவல் பார்க்கும்போதும் மனத்துள் அரை மணி கூட்டிக்கொள்வாரேயன்றிக் குமிழைத் தொடார்.

அவருடைய மணிக்கூட்டையே இக்கட்டுரைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன். சுவிற்சர்லாந்தின் சொலத்தூண் நகரத்து றோமர் நிறுவனத்தின் 17 கல் மணிக்கூடு. பாட்டனார் 1960களில் வாங்கியது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது, காணி உறுதி, பித்தளைக் குத்துவிளக்கு ஆகியவற்றோடு இதனையும் ஹோர்லிக்ஸ் போத்தலொன்றில் இட்டு, பொலிதீனாற் சுற்றி, கிணற்றடியிற் புதைத்தார். 2010இல் மீள்குடியேறித் தோண்டியபோது போத்தலின் மூடி துருவேறி ஈரங் கசிந்திருந்தது. உறுதி எழுத்தழிந்து போயிற்று. மணிக்கூட்டின் முகப்பில் நான்காம் இலக்கத்தருகே தேநீர் நிறக் கறை; பொன்முலாம் பல இடங்களிற் கழன்றிருந்தது; வினாடி முள் துருவேறிப் பழுப்பாகியிருந்தது; குமிழைத் திருகினால் ஏதும் பற்றவில்லை. தந்தையார் காலமாகும்வரை அஃது அலுமாரியிலேயே கிடந்தது. அதன் பின்னரே யான் அதனை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குச் சென்றேன்.

முதற்கண் அணுகிய கடையில், முகப்பை அழித்து மறுபடி அச்சிட்டு, மேற்கூட்டை மெருகிட்டுப் புதிதுபோல ஆக்கித் தருவதாகக் கூறினர். இரண்டாவது கடையிற் பின்மூடியைத் திறந்து பார்த்தவர், திருத்தற்கூலி மணிக்கூட்டின் விலையை விஞ்சும் என்றும், உதிரிப்பாகமாகத் தாம் எடுத்துக்கொள்வதாகவும் கூறினார். இருவர் கூற்றிலும் பொய்யில்லை. திருத்தற்கூலி விலையை விஞ்சும் என்பது இத்தகைய மணிக்கூடுகளிற் பெரும்பாலனவற்றுக்குப் பொருந்தும் உண்மையே. பொருளீட்டும் நோக்குடையார் ஆராய்ச்சியை இவ்விடத்திலேயே நிறுத்திவிடலாம்.

மூன்றாமவர் வயோதிபர். கண்ணில் வில்லையைச் செருகி நெடுநேரம் நோக்கினார். சிறு ஊதுகுழாயினால் மெல்லக் காற்றை ஊதிச் சமநிலைச் சக்கரத்தை அசைத்தார். அது தயங்காது ஊசலாடிற்று. "மாஸ்ரர், இது சாகேல்லை. சாவித்தண்டுந்தான் வில்லுந்தான் போயிருக்கு" என்றார். அவர் காட்டிய முறையே முடிவு செய்வதற்குரிய முறை என்பது என் கருத்தாதலின், அதனை விளக்குவேன்.

மணிக்கூட்டின் ஆற்றல் உருளையொன்றுள் அடைக்கப்பட்ட சுருள்வில்லில் உள்ளது. அவ்வாற்றல் பற்சக்கர வரிசை வழியே சென்று, விட்டு விட்டுத் தடுக்கும் நங்கூர வடிவத் தடையினால் அளவுபடுத்தப்பட்டு, சமநிலைச் சக்கரத்தை இருபுறமும் ஆட்டுகின்றது. அச்சக்கரத்தை ஒவ்வொரு முறையும் மீட்டுக் கொணர்வது மயிரிழை போன்ற நுண்சுருள். அக்கால மணிக்கூடுகளிற் பெரும்பாலன மணிக்கு 18,000 துடிப்புடையன. வினாடிக்கு 5; நாளொன்றுக்கு 4,32,000; ஆண்டொன்றுக்கு 15 கோடிக்கு மேல். இத்துணைத் துடிப்பையுந் தாங்குவது தலைமயிரளவே பருமனுடைய அச்சுமுனை. அது தேயாவண்ணம் கற்குழியுள் அமர்த்தி எண்ணெயிடுவர். அவ்வெண்ணெய் சில ஆண்டுகளில் உலர்ந்து பசையாகும். உலர்ந்த பின்னரும் மணிக்கூடு ஓடும். ஓடிக்கொண்டே தன்னைத் தேய்க்கும். எனவே, பல்லாண்டு கிடந்த மணிக்கூட்டை எடுத்தவுடன் ஓடுகின்றதா பார்ப்போம் எனச் சாவி கொடுத்து நாட்கணக்கில் ஓடவிடுதல் பெருந்தவறு. ஓடுகின்றது என்று மகிழ்வோர், அதன் எஞ்சிய வாழ்நாளைச் செலவிடுகின்றனர் என்பதை அறியார்.

கல் என்றதும் விலையுயர்ந்த மாணிக்கம் என எண்ணி, கல்லுக்காகவே பழைய மணிக்கூடு வாங்குவர் என நம்புவோர் நம்மிடை இன்றும் உளர். 1902இல் பிரெஞ்சு அறிஞர் வேர்ணொய் செயற்கை மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்ட பின்னர், மணிக்கூட்டுக் கற்கள் தொழிற்சாலையில் ஆக்கப்படுவனவே. அவற்றின் விலை மிகச் சொற்பம். கல்லின் எண்ணிக்கை தேய்வைக் குறைக்குமேயன்றிச் செல்வத்தைக் கூட்டாது.

ஆக, முதலில் நோக்கற்பாலது இயந்திரத்தின் நிலை. பித்தளைத் தகடுகள் ஈரத்தை ஒருவாறு தாங்கும், உருக்குறுப்புக்களே துருப்பிடிப்பன. சாவித்தண்டு, சுருள்வில், திருகாணி ஆகியன துருவேறினாலும் மாற்றக்கூடியன. சமநிலைச் சக்கரமும் நுண்சுருளும் கெடின் மணிக்கூட்டின் உயிரே கெட்டதாகும். தந்தையாரின் மணிக்கூட்டில் அவையிரண்டும் நலமாயிருந்தன. இரண்டாவது, உறுப்புக் கிடைக்குமா என்பது. சுவிற்சர்லாந்திற் பற்பல நிறுவனங்கள் ஏ. ஷில்ட், ஈற்றா போன்ற இயந்திரம் ஆக்குவோரிடம் இயந்திரத்தை வாங்கித் தம் பெயரைப் பொறித்தன. அத்தகைய மணிக்கூட்டுக்கு வேறு பெயருடைய மணிக்கூட்டின் உறுப்பும் பொருந்தும். றோமர் போன்று இயந்திரத்தைத் தாமே ஆக்கியவற்றுக்கோ, அதே குலத்து மணிக்கூடொன்றைத் தேடியே உறுப்பு எடுத்தல் வேண்டும். இவ்விடத்திலேதான் நம் வினா தலைகீழாகின்றது. பிரித்து விற்பதை நன்றிகேடு எனப் பழிக்கின்றோம். ஆயின் நம் மணிக்கூட்டைப் பிழைப்பிக்கும் தண்டு எங்கிருந்து வருவது? வேறொருவர் தந்தையின் மணிக்கூட்டைப் பிரித்தமையாலன்றோ அது வருகின்றது! இதனை உணர்ந்த பின்னர், பிரித்து விற்பவரை இகழ எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது முகப்பு. இதிலேதான் மிகப் பலர் தவறுகின்றனர். இந்தியாவின் எச்.எம்.ரி. நிறுவனம் 1961இல் சிற்றிசனின் துணையோடு பெங்களூரில் மணிக்கூடு ஆக்கத் தொடங்கிப் பல்லாண்டு உழைத்தது. அதன் மணிக்கூட்டுப் பிரிவை மூடுதற்கு 2016இல் நடுவண் அரசு முடிவு செய்தது. அதன்பின் பழைய எச்.எம்.ரி. மணிக்கூடுகளுக்கு ஒரு மோகம் பிறந்தது. மும்பை போன்ற நகரங்களில் நாலைந்து பழைய மணிக்கூடுகளின் உறுப்புக்களை ஒன்றாகப் பொருத்தி, முகப்புக்குப் பச்சை, சிவப்பு எனப் புதுநிறம் பூசி, பழையது என்றே விற்பாரும் உளர். சீக்கோவுக்கும் இக்கதியே. பார்வைக்குப் பளபளப்பாயிருக்கும் இவை எவர் கையிலும் முன்பு இருந்த மணிக்கூடுகளல்ல. மறுபூச்சுப் பெற்ற முகப்பைப் பழையதாக மீட்க எவராலும் இயலாது. அறிந்து வாங்குவோரும் அதற்கு விலை குறைத்தே கொடுப்பர். மேற்கூட்டை மிகுதியாக மெருகிடுதலும் அவ்வாறே. மெருகு என்பது உலோகத்தைத் தேய்த்தெடுப்பதே. பின்மூடியிற் பொறித்த பெயரும் உடன் தேயும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இருளில் ஒளிருமாறு இலக்கங்களிற் பூச்சுடைய, 1960களுக்கு முற்பட்ட மணிக்கூடுகளில் அப்பூச்சு றேடியமாக இருத்தல் கூடும். ஒளிர்வது நின்றுபோனமையால் நஞ்சும் போயிற்று என்பது தவறு. ஒளிதரும் நாகச் சல்பைட்டே தேய்ந்தது. றேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டு செல்லும். 1920களில் அமெரிக்காவில் இப்பூச்சைத் தூரிகையால் இட்டு, நுனியை உதட்டாற் கூராக்கிய இளம்பெண்கள் பலர் நோயுற்று மடிந்தனர். ஆதலின் அத்தகைய முகப்பை வீட்டிற் சுரண்டுதலும் பிள்ளைகளை விளையாட விடுதலும் ஆகாது.

இனி, காக்கவேண்டியது எது என்னும் வினாவுக்கு வருவோம். நமக்கு நன்கு பழகிய திருக்கோயிற் பணியையே நோக்குக. ஆலயம் பழுதுற்றவிடத்து மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, சிதைந்தவற்றைப் புதுக்கி, மீண்டும் குடமுழுக்காற்றுவதைப் புனராவர்த்தம் என ஆகமநெறி வகுக்கின்றது. மண்டபம் மாறலாம், விமானம் மாறலாம். கோயில் அதே கோயிலாய் நிற்கின்றது. மூல உருவம் உறுப்பிழந்து சிதையின் அதனை நீரில் இட்டுப் புதியது நிறுவுதலும் உண்டு. எனவே பழையதை விடுதல் எப்போதும் குற்றமன்று. யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம் மற்றொரு சான்று. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த அக்கோபுரம் போரிற் சிதைந்து, 2002இற் புதுக்கப்பட்டபோது அதன் மணிக்கூடுகள் புதியனவாகப் பொருத்தப்பட்டன. எவருங் குறைகூறவில்லை, ஊரார்க்கு வேண்டியிருந்தது கோபுரம், உள்ளிருந்த இயந்திரமன்று. கைமணிக்கூட்டிலோ வீட்டார்க்கு வேண்டுவது எது என்பதை வீட்டாரே கூறுதல் வேண்டும்.

உறுப்பு மாற்றவே கூடாது என்பாரும் உளர். அவர்க்கு விடை ஆங்கிலக் கடற்படையைச் சார்ந்த ரூபேட் கூல்ட் என்பாரின் பணியாகும். கடலில் நெடுங்கோட்டை அறிதற்பொருட்டு 18ஆம் நூற்றாண்டில் ஜோன் ஹரிசன் ஆக்கிய காலமானிகள் கிறீனிச் வானாய்வு நிலையத்தில் அழுக்கும் களிம்பும் ஏறிக் கிடப்பதை அவர் 1920இற் கண்டார். ஊதியம் பெறாது, 1933 வரை அவற்றைத் துப்புரவாக்கி ஓடச் செய்தார். முதற் காலமானியில் இல்லாதொழிந்த உறுப்புக்களைப் புதியனவாக ஆக்கவும் நேர்ந்தது. ஆயின் செய்ததையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். எது ஹரிசன் ஆக்கியது, எது கூல்ட் ஆக்கியது எனப் பின்வந்தோர் பிரித்தறிதல் அதனால் இயல்வதாயிற்று. மாற்றியதை மறைத்தலே குற்றம், மாற்றுதல் குற்றமன்று.

அணிந்தவராற் பெறும் மதிப்பைச் சந்தை ஏற்குமா? பெரும்பாலும் ஏற்காது. 2009 மார்ச்சில் நியூயோர்க் நகரிற் காந்தியடிகளின் செனித் பைமணிக்கூடு, மூக்குக்கண்ணாடி, பாதரட்சை, வட்டில் முதலியன ஒருங்கே 18 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போயின. அதே மார்ச்சில் வன்னி மக்கள் முல்லைத்தீவுக் கரையில் அரிசிக்கு ஈடாக எதைக் கொடுக்கலாம் என்று பைகளைத் துழாவிக்கொண்டிருந்தனர். நம் தந்தையர் அணிந்தமையால் ஒரு மணிக்கூட்டின் விலை ஒரு சதமேனும் உயர்வதில்லை. ஆதலின் அந்த மதிப்பைக் கணக்கிற் சேர்ப்போர் அதனைத் தம் செலவிலேயே சேர்த்தல் வேண்டும்.

நினைவுக்காகக் காத்தல் என்பதிலும் ஓர் இடர் உண்டு. என் சிறிய தந்தையார் 1980களில் மத்திய கிழக்கிலிருந்து கொண்டுவந்த சீக்கோ தானியங்கி மணிக்கூடொன்று, 2009 மே மாதத்தில் அவர் நந்திக்கடல் நீரைக் கடந்தபோது கையில் இருந்தது. உவர்நீர் புகுந்து இயந்திரம் முழுவதும் இறுகிவிட்டது. துருவேறா உருக்காலாகிய மேற்கூடும் கண்ணாடியும் மட்டும் புதியனபோல் இருந்தன. தந்தையாரின் மணிக்கூட்டோடு இதனையுந் திருத்துவிப்போம் என யான் கூறியபோது, "அது எனக்கு வேண்டாம் தம்பி, பிரிச்சுக் குடு" என்றார். காரணம் வினவவில்லை. நினைவு என்பது எல்லார்க்கும் வேண்டப்படும் பொருள் என்று கொண்டு யான் பேசியது பிழை எனப் பின்னரே உணர்ந்தேன். அந்த மேற்கூடு இன்று வேறொருவரின் மணிக்கூட்டுக்கு உதவுகின்றது.

தந்தையாரின் மணிக்கூட்டுக்கு வயோதிபரிடம் யான் வேண்டிக்கொண்டவை சிலவே. இயந்திரத்தைக் கழற்றிக் கழுவி எண்ணெயிடுதல். சுருள்வில்லையும் சாவித்தண்டையும் மாற்றுதல். மஞ்சள் பிடித்த கண்ணாடியை மாற்றுதல். முகப்பையும் மேற்கூட்டையும் தொடலாகாது என்றேன். துருவேறிய வினாடி முள்ளையேனும் மாற்றலாமே என்றார். அதற்கும் இசையவில்லை, துரு மேலும் பரவாதபடி துடைத்துவிடுமாறு மட்டும் கேட்டுக்கொண்டேன். தண்டு கிடைக்க ஏழு மாதஞ் சென்றது. கழற்றிய பழைய வில்லையும் முறிந்த தண்டையும் சிறு கடதாசி உறையில் இட்டு அவர் தந்தார். எது எப்போது மாற்றப்பட்டது என எழுதி, அவ்வுறையுள்ளேயே வைத்திருக்கின்றேன்.

இப்போது அது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பிந்துகின்றது. இன்னுஞ் சிறிது திருத்தலாம் என்கின்றார் வயோதிபர். பள்ளி மணியை அடிப்பதற்கு அது போதாதாகையால், பாடசாலை நாட்களில் வேறொன்றைக் கட்டிக்கொண்டு செல்கின்றேன்.